எதில் எழுதுவது? தாராவியிலிருந்து ஒரு மாணவியின் கணக்கு

எங்களைப் போன்றவர்கள் மும்பையில் நிறையப் பேர் உண்டு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம். தமிழ் எழுத்தை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களும் உண்டு, அம்மா மடியில் வைத்து எழுதப் பழக்கியவர்களும் உண்டு. இப்படி ஒருவர் தமிழில் எழுத உட்கார்ந்தால், எதைப் பற்றி என்பது பெரும்பாலும் மனதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். எதில் எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொள்வோம். நோட்டும் பேனாவுமா, போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதா, தமிழ்99 விசைப்பலகையா, வாயால் சொல்லிப் போனை எழுத வைப்பதா, இல்லை, இப்போது எல்லாரும் செய்வதுபோல ஏஐயிடம் கொடுத்துவிடுவதா?

வேகத்தை மட்டும் பார்த்தால் விடை எளிது, ஏஐ எல்லாரையும் முந்திவிடும். செலவைப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். எழுதும்போது அந்தக் கருவி என் வாக்கியத்தில் எவ்வளவு கைவைக்கிறது? கைவைப்பது எனக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் ஐந்தும் தானாகப் பிரிந்து நிற்கும்.

கருவி கைவைக்காத காலம் தமிழில் இருந்ததில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள், படிக்கிறவர் ஊகித்துக்கொண்டார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார். லை, னை, ளை, ணை நான்கும் முன்பு தும்பிக்கை தூக்கி நிற்கும். பெரியார் 1935-இலேயே குடி அரசு இதழில் அதை மாற்றினார், தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எழுத்துகள் குறைவாக இருந்தால் வசதி என்பது அதன் முக்கியக் காரணம். எங்கள் தாத்தா ஊருக்கு எழுதி அனுப்பாமல் பெட்டியில் கிடந்துபோன இன்லாந்து லெட்டர்களில் ‘பிள்ளை’யின் ளை இன்னும் தும்பிக்கையோடுதான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் எழுத்தின் வடிவத்தில் நடந்தவை. தாத்தா சொல்ல வந்த வாக்கியத்தை எந்த அச்சுக்கட்டையும் மாற்றவில்லை. பணம் அனுப்ப முடியவில்லை என்பதை அவர் சுற்றி வளைத்து எழுதியிருப்பது அவருடைய சுற்றி வளைப்புதான்.

நோட்டில் எழுதுவதற்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அது எதையும் பரிந்துரைக்காது, திருத்தாது, சார்ஜ் தீராது. நான் சேர்க்க விரும்புவது அடித்தலைப் பற்றி. போனில் அழித்தால் அழிந்துபோகும், நோட்டில் அடித்தால் அடித்தது கீழே தெரியும். ‘அத்தை கோபக்காரி’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘அத்தைக்குக் காலையில் மட்டும் கோபம் வரும்’ என்று எழுதினால், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது எங்கே யோசித்தோம் என்பது பக்கத்திலேயே இருக்கும்.

குறையும் உண்டு, அது மும்பைக்கே உரிய குறை. ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறையில், அஞ்சாறு பேர் இருக்கிற வீட்டில் நோட்டு என்பது பொதுச் சொத்து. மேல் அலமாரியில் வைத்தால் தம்பி எடுத்து உரக்கப் படிப்பான், தலையணைக்கு அடியில் வைத்தால் படுக்கை மடிக்கும்போது அத்தை கையில் அகப்படும். ஜூலை மழையில் பையோடு நனைந்தால் ஜெல் பேனா எழுத்து ஊதாக் கறையாகிவிடும், பால்பாயிண்ட்தான் தாங்கும். சயானில் ஏறி சிஎஸ்எம்டி போகிற ஸ்லோ ரயிலில் மாட்டுங்கா வரை நோட்டில் எழுதலாம். தாதரில் கூட்டம் ஏறியதும் முழங்கையை விரிக்க இடம் இருக்காது.

அங்கேதான் போன் ஜெயிக்கிறது. ஒரு கை கம்பியில், ஒரு கை போனில், கட்டைவிரல் போதும். லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) பக்கத்தில் நிற்கிறவர் நம் திரையைப் பார்க்காமல் இருக்க மாட்டார். பார்க்கட்டும். இந்தியில் அம்மாவுக்கு மெசேஜ் அடித்தால் படித்துவிடுவார்கள், தமிழில் எழுதினால் பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் வளைவுகள். தாராவியில் பலருக்கும் படிக்கத் தெரிந்த எழுத்து, கறி ரோட் நிலையம் தாண்டும்போது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாத எழுத்தாகிறது. வீட்டில் எழுத முடியாத சில பத்திகளை எனக்கு அந்த ரயில்தான் எழுதிக்கொடுத்தது.

ஆனால் போனில் எப்படி அடிப்பது என்பதில் இரண்டு வழி. பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்து, மேலே வரும் பட்டியலில் தமிழ்ச் சொல்லைத் தொடுவார்கள். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, இன்றே தொடங்கலாம். தமிழை எழுத்துக்கூட்டி எழுதத் தயங்குகிறவர்களைத் தமிழுக்குள் கொண்டுவந்த பெருமை இந்த முறைக்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வலியும் வளியும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும், மனமும் மணமும் அப்படியே. எது சரி என்று தெரிந்தவர் சரியானதைத் தொடுவார். சந்தேகத்தில் இருப்பவர் முதலில் இருப்பதைத் தொடுவார், கொஞ்ச நாளில் அதுவே பழகிவிடும்.

இன்னொன்று, பட்டியலில் அகராதிச் சொல் முன்னால் நிற்கும், வீட்டுச் சொல் பின்னால் நிற்கும். எங்கள் ஆச்சி மரியாதைக்குரியவர்களிடம் ‘எப்பம் வாறிய?’ என்று கேட்பாள். அதை ஆங்கில எழுத்தில் அடித்தால் போன் என்னை மின்சார வாரியத்துக்குக் கூட்டிப்போகப் பார்க்கும். தட்டிவிட்டு, எழுத்து எழுத்தாக அடித்து, நான் நினைத்ததைக் கொண்டுவர முடியும்தான். ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் அந்தச் சண்டையைப் போட யாருக்குப் பொறுமை? நான்கு தடவை போட்டுவிட்டு ஐந்தாவது தடவை ‘எப்போது வருகிறீர்கள்’ என்று தொட்டுவிடுவோம். ஆச்சி கதையில் ஆச்சி செய்தி வாசிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

தமிழ்99 இந்த இடத்தில் மேல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். தமிழில் மெய்யும் உயிருமாக மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி ஓடும். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் ‘அம்மா’ வந்துவிடும், ப, ந, த, உ என்று நான்கில் ‘பந்து’. ந-வுக்குப் பின் த வந்தால் நடுவில் புள்ளி வேண்டும் என்று அதற்குத் தெரியும். இதுவும் ஒருவகைக் கைவைப்புதான், ஆனால் தமிழ் இலக்கணம் செய்கிற கைவைப்பு, என் சொல்லை மாற்றுவதில்லை. நான் வாறிய என்று அடித்தால் வாறிய என்றே வரும். ழகரமா ளகரமா என்பதையும் நானேதான் முடிவு செய்ய வேண்டும், ஆகவே எழுத்துப்பிழை என்னுடைய பிழையாக இருக்கும், திருத்தவும் முடியும்.

ஐபோனிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் கிடைக்கும். விண்டோஸிலும் மொழி அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். சாவிகள் மேல் தமிழ் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், விரல் பழகாது. முதல் வாரம் அழுகை வரும் என்பது உண்மை. சொந்தப் பெயரை அடிப்பதற்கே நேரமாகும்.

தமிழ்99-இல் அடித்தாலும், ஆங்கில ஒலியில் அடித்தாலும், வெளியே வருவது எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடாக இருக்கட்டும். ஆண்டு மலரோ துண்டறிக்கையோ அச்சிடக் கொடுக்கும் இடத்தில் பழைய எழுத்துருவில் அடித்துத் தரச் சொல்வார்கள். பாமினி என்ற அப்படியொரு எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்ததைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். அம்மாவையே அடையாளம் தெரியாது. மாற்றும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், மூலப்பிரதி உங்களிடம் யூனிகோடில் இருக்க வேண்டும்.

குரலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது, அன்றிலிருந்து நன்றாகவே தேறியிருக்கிறது. சொந்த அறை உள்ளவர்களுக்கு அது வரம். பத்துக்குப் பன்னிரண்டு கோலியில் அத்தையைப் பற்றி எழுத வேண்டுமென்றால், அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போனை வாயருகே வைத்து, “கமா, அத்தைக்குப் பொறாமை அதிகம், முற்றுப்புள்ளி” என்று சொல்லத்தான் முடியுமா? மொட்டை மாடி இல்லாத ஊர் எங்களுடையது. ரயிலில் சொன்னால் நம் வாக்கியத்துக்கு நடுவில் ‘அக்லா ஸ்டேஷன்’ (அடுத்த நிலையம்) என்ற அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆச்சி பேசுவதைப் பிடிக்க வேண்டுமானால் போனில் வெறும் ஒலிப்பதிவாகப் பிடியுங்கள், எழுத்தாக்க விடாதீர்கள். பிறகு கேட்டுக் கேட்டு நீங்களே அடியுங்கள். ஆச்சி எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்தப் பெயரைச் சொல்லாமல் ‘அவ’ என்று மட்டும் சொல்கிறாள் என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும்.

இனி ஏஐ. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு கல்லூரியில் எழுதுவது என்ற வேலையே வேறாகிவிட்டது. அசைன்மென்ட் கொடுத்த மாலையே முடிந்துவிடுகிறது. நான் பயன்படுத்துவதில்லை என்று வேஷம் போட மாட்டேன். ஆனால் சொந்த எழுத்தை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதை ஒரு பத்தியை வைத்தே காட்டுகிறேன். நான் எழுதியது இது (மௌசி என்றால் சித்தி, பெரியம்மா முறை, போஹா என்றால் அவல் உப்புமா):

“நாலரைக்குத் தண்ணி வரும். அத்தை நாலு மணிக்கே டப்பாவோடு நிற்பாள். எதிர்வீட்டு மௌசி முன்னால் வந்து நின்றால் அத்தை தமிழில் திட்டுவாள், மௌசி மராத்தியில் திட்டுவாள். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும். ஏழு மணிக்கு மௌசி வீட்டிலிருந்து எங்களுக்கு போஹா வரும். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தை அதைக் காலியாகக் கொடுக்க மாட்டாள்.”

ஒரு ஏஐ செயலியிடம் ‘இதை மெருகேற்று’ என்றேன். வந்தது இது:

“அதிகாலை வேளையில் தண்ணீருக்கான அன்றாடப் போராட்டம் தொடங்குகிறது. அண்டை வீட்டாருடன் ஏற்படும் சிறு சிறு சச்சரவுகளுக்கு இடையிலும், மொழிகளைக் கடந்த மனித நேயம் மலர்கிறது. பகிர்ந்துண்ணும் உணவு, உறவுகளை இணைக்கும் பாலமாகத் திகழ்கிறது.”

பிழை ஒன்றும் இல்லை, ஒற்று எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் நாலரை மணி எங்கே? மௌசி எங்கே? திட்டுகளும் போஹாவும் போய்விட்டன. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்காத அத்தை போயே போய்விட்டாள், அந்தப் பத்தியை நான் எழுதியதே அவளுக்காகத்தான். அவளிடம் இதைப் படித்துக் காட்டினால் ‘இது யாரு வீட்டுக் கதை?’ என்று கேட்பாள். வருத்தம் என்னவென்றால், போட்டிக்கு அனுப்பினால் இரண்டாவதுக்குத்தான் பரிசு கிடைக்கும் என்று எனக்குச் சந்தேகம். நம் பேச்சுப்போட்டிகளும் கட்டுரைப்போட்டிகளும் இந்த நடையைத்தான் பல வருஷமாக வளர்த்து வைத்திருக்கின்றன. ஏஐ அதை நம்மிடமிருந்துதான் கற்றது.

இது ஏன் நடக்கிறது என்பது புரிந்தால் கோபம் குறையும். இந்த மாடல்கள், இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகின்றன. ‘அதிகாலை’, ‘தண்ணீர்’ என்று வந்தால் ‘போராட்டம்’ வர வாய்ப்பு அதிகம், ‘மௌசி’ வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒருவருடைய குரல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த வாய்ப்புக் குறைந்த இடங்களில்தான் இருக்கிறது. தமிழுக்கு இன்னொரு பாதகமும் உண்டு. இவை பயின்றவற்றில் ஆங்கிலமே மிக அதிகம். கணினியில் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘தீ’ என்ற ஒரே எழுத்து இரண்டு குறி, 6 பைட். மாடல் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கும்போது, ஆங்கிலச் சொல் ஒரு துண்டில் முடிகிற இடத்தில் தமிழ்ச் சொல் பல துண்டாகிறது. துண்டுக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் செலவு கூடுவதும் இதனால்தான்.

அதனால் ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. என் குரல் தேவைப்படாத எழுத்துகள் எவ்வளவோ இருக்கின்றன. தாராவியில் படிக்கிற பிள்ளை என்றால் அந்தக் கல்லிக்கே (சந்துக்கே) எழுத்தர் வேலை பார்க்க வேண்டும். குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலக்கிறது என்று மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு அலுவலகத்துக்கு மராத்தியில் மனு, பக்கத்து வீட்டு அண்ணன் வேலை கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம், மாமாவின் வங்கிக்கு ஒரு கடிதம். இவற்றில் அத்தையும் வேண்டாம், போஹாவும் வேண்டாம். தேதி, முகவரி, புகார் எண், மரியாதை, இவை சரியாக இருந்தால் போதும். இதற்கு ஏஐ அருமையான துணை. பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். மராத்தி மட்டும் யாராவது மௌசியிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள்.

சொந்த எழுத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு, எழுதி முடித்த பிறகு. ‘மெருகேற்று’ என்று சொல்லாமல், ‘இதைப் படித்ததும் உனக்கு எங்கே புரியவில்லை, ஐந்து கேள்வி கேள், ஒரு வாக்கியமும் எழுதித் தராதே’ என்று சொல்லிப் பாருங்கள். என் பத்திக்கு அது கேட்டதில் ஒன்று: டப்பாவைக் காலியாகக் கொடுக்க மாட்டாள் என்றால் அதில் என்ன வைத்துக் கொடுப்பாள்? நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும், அதற்குத் தெரிய வழியில்லை. ஞாயிறு என்றால் மீன் குழம்பு, மற்ற நாளில் இரண்டு மல்லிகைச் சரம்.

கல்லூரி வேலைக்கு இதில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. இது ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளைச் சில ஆசிரியர்கள் நம்புகிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுகிறவர்கள்மேல் சந்தேகம் அதிகம் விழுகிறது. நம் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். நோட்டில் அடித்தல் திருத்தலோடு இருக்கும் முதல் படியும், ஆவணத்தில் நாள்வாரியாகச் சேமிக்கப்பட்ட பழைய வடிவங்களும் அப்போது சாட்சிக்கு வரும். ஏஐ கொடுத்ததை அப்படியே ஒட்டியவரிடம் அந்தச் சாட்சி இருக்காது. நாமே எழுதியிருந்தும் எல்லாவற்றையும் அழித்து அழித்து ஒரே கோப்பில் வைத்திருந்தால் நம்மிடமும் இருக்காது.

ஆக, என்னிடம் கேட்டால் முதல் படியை நோட்டிலோ தமிழ்99-இலோ எழுதுங்கள் என்பேன். வீட்டில் ஒளித்துவைக்க இடம் இருந்தால் நோட்டு, இல்லாவிட்டால் பூட்டுப் போட்ட போனில் தமிழ்99. நோட்டில் எழுதியதைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் வசதியைத் தேடி அலைய வேண்டாம். கைப்பட மறுபடி அடிக்கும்போதுதான் எந்த வாக்கியம் அடிக்கச் சோம்பலாக இருக்கிறது என்று தெரியும், அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம். ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறையை வாட்ஸ்அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வாரியமானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தமிழ் எழுத்தே இப்போதுதான் பழகுகிறது என்றால் மட்டும் அதிலேயே தொடங்குங்கள், முதலில் பயம் போகட்டும். தமிழ்99 பழகுவதற்கு நல்ல நேரம் செமஸ்டர் தேர்வு முடிந்த விடுமுறை. உள்மதிப்பீட்டுக்கு நடுவில் மட்டும் தொடங்காதீர்கள், கை இரண்டு விசைப்பலகைக்கும் ஆகாமல் நிற்கும்.